நடுங்காத படம்

ஏற்காட்டில் வீடியோ எடுக்கிறவனுக்குப் பெரிய தலைவலி சில்வர் ஓக் மரம்தான், இன்ஸ்பெக்டர் ஐயா. காற்றே இல்லாத நாளிலும் அதன் இலை சும்மா இருக்காது. பார்க்க வருகிறவர்களுக்கு அது அழகு, எனக்கு வயிற்றெரிச்சல். ஏன் என்று சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் அம்மாசி விஷயம் உங்களுக்குப் புரியும்.

எங்கள் முதலாளிக்குக் கொட்டச்சேட்டுப் பக்கம் காபி எஸ்டேட். அவர் குடியிருப்பது சேலத்தில். களத்தில் காய்கிற கொட்டையை ஆட்கள் திருடுகிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம். சாப்பிட்டதும் சிலருக்கு வெற்றிலை வேண்டும், இவருக்கு யார் மேலாவது சந்தேகம் வேண்டும். சேலத்தில் உட்கார்ந்தபடியே களத்தை டிவியில் பார்க்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். போன வருஷம் தொண்ணூற்றைந்தில் அப்படிச் சொல்ல ஆள் கிடையாது. படமோ பெரியது, மலையிலிருந்து இறங்குகிற டெலிபோன் லைனோ ஒல்லி.

என் பெட்டி செய்கிற வேலை இதுதான். படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டும். இந்தக் கட்டம் போன படத்தில் எங்கே இருந்தது என்று அக்கம்பக்கத்தில் தேடும். கிடைத்துவிட்டால் கட்டத்தை அனுப்பாது, எவ்வளவு நகர்ந்தது என்பதை மட்டும் சொல்லும். சேலத்துப் பெட்டி பழைய படத்தை வைத்தே மிச்சத்தை ஒட்டிக்கொள்ளும். இதுவரை புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் தேடுவது கம்ப்யூட்டரின் உயிரை வாங்குகிற வேலை, இலை ஆடிக்கொண்டே இருந்தால் அது ஓயவே ஓயாது, படமும் நடுங்கும். அங்கேதான் என் மூளையைக் காட்டினேன். முதலில் பழைய இடத்திலேயே வைத்துப் பார், வித்தியாசம் கொஞ்சம் என்றால் அசையவில்லை என்று வைத்துக்கொள், தேடாதே, பழைய கட்டமே நிற்கட்டும். எவ்வளவு கொஞ்சம் என்பதற்கு ஓர் எண். அந்த எண்ணைக் கூட்டினேன், சில்வர் ஓக் அடங்கிவிட்டது. எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட வரவில்லை.

அந்தப் பெட்டியைப் பார்க்கத்தான் சம்பவத்தன்று பெங்களூரிலிருந்து கம்பெனிக்காரர்கள் முதலாளி வீட்டுக்கு வந்திருந்தார்கள். டை கட்டியிருந்தார்களாம். படத்தைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், அது நடுங்கக் கூடாது என்பதுதான். பிடித்துப்போனால் என் பெட்டி ஊர் ஊராகப் போகும். பிடிக்காவிட்டால் நான் மறுபடியும் அஸ்தம்பட்டியில் டிவி ரிப்பேர்.

நான் களத்துக்கு மேலே, மாடி அறையில் இருந்தேன். என் முன்னால் இரண்டு டிவி. ஒன்று கேமரா பார்ப்பதை அப்படியே காட்டும். அதை ஒரு டேப்பிலும் பதிவு செய்துகொண்டிருந்தேன். மற்றது சேலத்தில் தெரிகிற படம், அங்கே சத்தம் போகாது. ஆட்கள் கீழ்ச் சரிவில் பழம் பறிக்கப் போயிருந்தார்கள். எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர், சாயங்காலம் மலைக்கு வரப்போகிற விருந்தாளிகளுக்கு மட்டன் வாங்க பஸ்ஸில் போயிருந்தார், ஜீப் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு. களத்தில் கொட்டையைக் கிளறிவிட அம்மாசி மட்டும்.

முதலாளி பார்த்ததைச் சொல்கிறேன். அம்மாசி ஒரு கோணிச்சாக்கைத் தூக்கினார். ஜன்னல் பக்கம் வந்தார். திரும்பிப் போய்க் களத்தில் உட்கார்ந்தார். பிறகு படுத்துக்கொண்டார். அவ்வளவுதான். முதலாளியிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வார், பொய் சொல்ல மாட்டார்.

உங்களிடம் இருக்கும் டேப்பில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. சாக்குக்கு அடியில் நல்லபாம்பு. ஜன்னலுக்குக் கீழே வந்து அவர் சொன்னது தெளிவாகவே பதிவாகியிருக்கிறது. “சாமி, பாம்பு கொத்திப்போடுச்சுங்க சாமி. வண்டிய எடுங்க.” அதற்கு நான் சொன்னதும் பதிவாகியிருக்கிறது. “கொஞ்சம் பொறுங்க, படம் போயிட்டிருக்குது.” அதைக் கேட்டு உங்கள் ஏட்டையா முதலில் சிரித்தார். அப்புறம் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அம்மாசி பொறுத்தார் ஐயா. எஸ்டேட்டில் அது பழக்கம். மாடியில் இருக்கிறவன் பொறு என்றால் களத்தில் இருக்கிறவன் பொறுப்பான். கத்தி ஊரைக் கூட்டியிருக்கலாம், செய்யவில்லை. அதில் அவர் தப்பும் கொஞ்சம் இருக்கிறது என்று உங்களுக்கே தோன்றும்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யலாமே என்று கேட்டீர்கள். எஸ்டேட்டுக்கு இருப்பது ஒரே லைன். அதில்தான் படம் போய்க்கொண்டிருந்தது. போன் பேச வேண்டுமென்றால் படத்தை வெட்ட வேண்டும்.

படுத்த பிறகும் அவர் கை ஆடிக்கொண்டிருந்தது. என்னைக் கூப்பிட்டார். விஷம் ஏற ஏற அந்த ஆட்டம் சின்னதாகிக்கொண்டே வந்தது. இலை ஆடுகிற அளவுக்கு வந்துவிட்டது, ஆனால் என் எண்ணுக்குக் கொஞ்சம் மேலே. அப்போது சேலத்துப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த, என்னிடம் வேலை செய்கிற பையன் முருகேசன் பெட்டி வழியாக எழுத்து அனுப்பினான். “அண்ணா, அந்த ஆள் கைகிட்ட படம் புள்ளி புள்ளியா கொதிக்குது. வந்தவங்க மூஞ்சியச் சுளிக்கறாங்க.”

எண்ணைக் கூட்டினேன்.

“இப்ப நொம்ப சுத்தம். ஆள் தூங்கறானான்னு மொதலாளி கேக்கறாரு.” ஆமாம் என்று அனுப்பினேன். அன்றைய கூலியை வெட்டச் சொன்னாராம். அவர் அப்படித்தான், நாம் என்ன செய்ய முடியும்.

விருந்தாளிகள் எழுந்து கை தட்டுகிறார்கள் என்று முருகேசன் அனுப்பினான். அதற்குப் பிறகுதான் லைனை வெட்டி ஆஸ்பத்திரிக்குப் பேசினேன். அதற்குள் அம்மாசியின் மனைவி குப்பாயி களி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அந்த அம்மா என் காலடியில் உட்கார்ந்து கேட்டார். “ஏனுங்க சாமி, எங்கூட்டுக்காரரு உங்களக் கூப்புடவே இல்லீங்களா?” இல்லீங்கம்மா என்றேன். வேறு என்ன சொல்வது, அந்த நேரத்தில்?

ஒளிக்க எனக்கு ஒன்றும் இல்லை. சாவி என் பையில் இருந்தது, ஜீப் வாசலில் நின்றது, அவர் செத்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். படத்துக்காக அவரைச் சாகவிட்டேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்ட ஒன்றுதான் பாக்கி. கேமரா டிவியை நடுவில் ஏன் அணைத்தேன் என்று. அவர் தலையைத் திருப்பிக் கேமராவையே பார்த்தார் ஐயா. ஒரு மனுஷன் அப்படிப் பார்ப்பதைத் தாங்குகிற நெஞ்சு எனக்கு இல்லை. சின்ன வயதிலிருந்தே நான் இளகின மனசுக்காரன். அதை அணைத்துவிட்டுச் சேலத்துப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பார்த்தவரைக்கும் அவர் தூங்கிக்கொண்டுதான் இருந்தார்.