பனியன் கம்பெனி முதலாளியின் நடை

திருப்பூரில் ஒரு டாக்டர் வீட்டு வராந்தாவில் சர்க்கரைக்காரர்கள் நாங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். ஒட்டுக்கேட்பதுதான் நான் செய்கிற ஒரே தேகப்பயிற்சி. பக்கத்து பெஞ்சில் பெருமாநல்லூர் பனியன் கம்பெனி முதலாளி ஒருவர், அருகிலிருந்த நூல் வியாபாரியிடம் சொன்னார்:

“நான் நடந்தா எம்பொண்ணு கல்யாணமே நின்னுருமுங்க.”

“ஏனுங்க?”

“டாக்டர் சொன்னாருன்னு மூணு நாள் காலையில ரோட்டுல நடந்தனுங்க. கம்பெனி நொடிச்சுப் போச்சு, காரை வித்துட்டான்னு ஊரெல்லாம் பேச்சு. நாலாம் நாள் மாப்பிள்ளை ஊட்டுல இருந்து விசாரிக்க ஆளே வந்துட்டாங்க.”

“சக்கரை வியாதின்னு சொல்றதுதானுங்க?”

“அது இன்னும் மோசமுங்க. பொண்ணுக்கும் வருமான்னு கேப்பாங்க. அதான் இப்ப டீக்கடைக்குக்கூட கார்லதான் போறனுங்க.”

“இப்படியே இருந்தா கண்ணு போயிரும்னு டாக்டர் சொன்னாருன்னீங்களே?”

“தையில கல்யாணமுங்க. அது முடிஞ்ச மறுநாளே நடக்க ஆரம்பிச்சுருவனுங்க.”

வியாபாரிக்கு நிம்மதி.

“அப்பச் சரிங்க. ஒரே பொண்ணுதானுங்களா?”

“இல்லீங்க, சின்னவ ஒருத்தி இருக்கறாளுங்க. ஆறாவது படிக்கறா.”