செத்துச் செத்துப் பொழச்ச கம்ப்யூட்டர்

...எத்தனை கம்ப்யூட்டர்னு கேட்டா நான் என்ன சொல்றது? நீங்களே சொல்லுங்க தம்பி. ஒண்ணுன்னுதானே சொல்லணும்? ஒண்ணுன்னுதான் சொன்னேன். "ஒண்ணுதான், ஆனா அது மூணு தடவ செத்துப் பொழச்சுது"ன்னேன். உள்ளத உள்ளபடி சொன்னேன். அந்த சாஃப்ட்வேர் கம்பெனி ஃபோன்ல பேசுறது மனுசக் குரல் இல்ல பாருங்க, மெஷினு. அது காதுல 'மூணு' மட்டும்தான் விழுந்துச்சு. "உங்ககிட்ட மூணு கம்ப்யூட்டர், லைசென்ஸ் ஒண்ணே ஒண்ணு, நன்றி, வணக்கம்"னு வெச்சிருச்சு. அதுக்கு முன்னாடி ஒரு முழம் நீளத்துக்கு நம்பரு படிச்சேன் தம்பி. தொண்ட காஞ்சு போச்சு. ஒவ்வொரு நம்பருக்கும் "சரியாக் கேக்கல, மறுபடி சொல்லுங்க". எங்க சர்ச்சுல மைக்கு இல்லாமப் பாடுறவ நான். எனக்குக் குரல் பத்தலியாம்.

உக்காருங்க, உக்காருங்க. உங்க பென் டிரைவ் எங்கிட்ட பத்திரமா இருக்கு. ரெண்டு பக்கம்தானே, அடிச்சுத் தந்துருவேன். ஆனா இப்ப இல்ல. அந்தத் திரையில வலது மூலையப் பாருங்க, கீழ... மங்கலாத் தெரியுதா? 'இதுக்கு லைசென்ஸ் இல்ல, போய் சரி பண்ணு'ன்னு எழுதியிருக்கு. அந்த வரி அங்க நிக்கிற வரைக்கும் இதுல ஒரு காயிதம் அடிக்க மாட்டேன். அடிச்சா வரும் தம்பி, வராம என்ன. மானம்னு ஒண்ணு இருக்குல்ல? வெளிய போர்டுல என்ன போட்டிருக்கு? 'ஒரிஜினல் பிசினஸ் சென்டர், மோகோலா, இபாதான்.' ஒரிஜினல்னு வெளிய போட்டுட்டு, உள்ள கம்ப்யூட்டரே "இவ திருடி"ன்னு சொன்னா என்ன அர்த்தம்? காசு குடுத்து வாங்கின லைசென்ஸ் தம்பி. இந்தத் தெருவுலயே நான் ஒருத்திதான் வாங்கியிருக்கேன். மத்தவங்க எல்லாம் எங்கேருந்து எடுத்தாங்கன்னு கேக்காதீங்க, நானும் சொல்ல மாட்டேன்.

அந்த முனைக் கடை அகின்போதே இருக்கானே... அவன் கடையில இருக்குறதெல்லாம் களவாணிச் சரக்கு. ஆனா அவன் திரை மூலையில இந்த வரி வரல பாருங்க. காலையில பயறு அவிச்ச மோயின்மோயின் வாங்கப் போற மாதிரி வந்து, வாசல்ல நின்னு, பல்லுக் குத்திக்கிட்டே எட்டிப் பாக்குறான். "என்ன மேடம், உங்க கம்ப்யூட்டருக்கே உங்க மேல நம்பிக்க இல்ல போலயே"ங்குறான். எனக்கு எப்டி இருக்கும்?

அதுவும் இன்னிக்கு. மத்தியானம் பரீட்சை போர்டுலேருந்து ஒரு ஐயா வர்றாரு தம்பி. காலேஜு நுழைவுப் பரீட்சைக்குப் பேர் பதியுற சென்டரா என் கடையப் போடலாமா வேணாமான்னு பாக்க வர்றாரு. போட்டா இந்தத் தெருப் புள்ளைங்க மொத்தமும் இங்க வரும். போடலன்னா முனைக் கடைக்குப் போகும். அவரு மொதல்ல கேக்குறதே, "லைசென்ஸ் இருக்கா?"ன்னுதானாம். இந்த ஒரு வரியால எல்லாம் போயிரும் போல இருக்கு.

இதுக்கெல்லாம் என்ன காரணம்னு நெனக்கிறீங்க? கரண்டு. வர்றப்ப ஒரு வீச்சா வருது, போறப்ப ஒரு வீச்சாப் போகுது. அது போச்சுன்னா ஜெனரேட்டரு. அது பக்கத்து முடிதிருத்துற கடைக்காரனோடது, ரெண்டு பேரும் பங்கு. அவன் மெஷினப் போட்டா என் லைட்டு கண்ணடிக்குது. ரிப்பேர் பாக்குற சர்ச்சு டீக்கன் அதேகோயா சொல்றாரு, "மேடம், உங்க மதர்போர்டு எரிஞ்சு போச்சு." சரி, மாத்துங்கன்னேன். மாத்தினாரு. மாத்தினதும் லைசென்ஸ் போச்சு. ஏன்னா மதர்போர்டு மாறினா அது வேற கம்ப்யூட்டராம். கேட்டீங்களா கதய? அம்மா மாறினா புள்ள மாறிருமா? எங்க அப்பாவுக்கு மூணு பொண்டாட்டி. எந்த அம்மா கையால அமாலாக் களி தின்னாலும் நான் நான்தானே? அந்தக் கம்பெனிக்காரங்க வீட்டுல எல்லாம் ஒரே அம்மா போல, அதான் புரியல.

தம்பிக்கு எந்த ஊரு? ...எனுகுவா. கிழக்குப் பக்கம். அப்ப உங்க பக்கமும் இது உண்டு, பேரு மட்டும் வேற. எங்க யொரூபா சனத்துல என்னன்னா... ஒரு வீட்டுல புள்ள பொறந்து, சாவும். மறுபடி பொறக்கும், சாவும். அது வேற வேற புள்ள இல்ல, ஒரே புள்ளதான், போயிட்டுப் போயிட்டு வருது. அந்தப் பக்கம் அதுக்குக் கூட்டாளிங்க இருக்காங்க. "வா வா, வெளயாடலாம்"னு கூப்புட்டுக்கிட்டே இருப்பாங்க. அதனால பொறந்ததும் கூட்டாளிக்கு அடையாளம் தெரியாத மாதிரி பேர வெக்கணும். கெஞ்சுற மாதிரி பேரு, மெரட்டுற மாதிரி பேரு, அசிங்கமாக் கூட வெப்பாங்க.

என் பேரு என்ன தெரியுமா? காஷிமாவோ. 'இருக்குதா போகுதா, பாப்போம்'னு அர்த்தம். சிரிக்காதீங்க. எனக்கு முன்னாடி ரெண்டு போயிருச்சு. நான் வந்தப்ப எங்க அம்மாவுக்கு நம்பிக்கையே இல்ல. புதுத் துணி எடுக்கல. பாப்போம்னு விட்டுட்டாங்க. இப்ப அம்பத்தேழு ஆச்சு எனக்கு, இன்னும் பாத்துக்கிட்டுதான் இருக்காங்க ஊர்ல. ஆனா ஒண்ணு தம்பி, எங்க அம்மா சாகுற வரைக்கும் என்ன ஒரு வார்த்த திட்டினதில்ல. கோவிச்சுக்கிட்டுப் போயிருவேனோன்னு பயம். பாவம், அவ்வளவு பயந்தாங்க.

சரி, விடுங்க. அதனாலதான் சொல்றேன், இந்த வைத்தியம் வேல செய்யும். நானே சாட்சி, கண்ணு முன்னாடி உக்காந்திருக்கேன்.

இந்தக் கம்ப்யூட்டரு வெளிநாட்டுல ஓடி இங்க வந்தது. கடலத் தாண்டி வர்ற புள்ளைக்கும் பழைய காருக்கும் நாம என்ன பேரு வெக்கிறோமோ அதேதான் உள்ள தட்டி இதுக்கும் வெச்சேன். கிட்ட வாங்க. சத்தமாச் சொல்ல முடியாது... டோகுன்போ. அதோட மொத மதர்போர்டு ஒரு மழ நாள்ல மின்னல்ல போச்சு. டீக்கன் வேற போட்டாரு. அப்ப நான் பேர மாத்தினேன். துரோஜாயே. 'இரு, இருந்து வாழ்ந்து பாரு'ன்னு அர்த்தம். கெஞ்சினேன். இருக்கல. அப்புறம்... கிட்ட வாங்கன்னேன்ல... மாலோமோ. 'இனிமே போயிராத.' போயிருச்சு. நேத்து நாலாவது போர்டு போட்டாச்சு. இப்ப அதுக்குப் பேரு கோகுமோ. இத எவ்வளவு சத்தமா வேணாலும் சொல்லலாம். கோகுமோ, கோகுமோ. 'இனி சாகாது'ன்னு அர்த்தம்.

அந்தப் பெட்டி மேல கெடக்குற தலத்துணிய எடுக்காதீங்க தம்பி, காத மூடி வெச்சிருக்கேன். எந்தப் பக்கம் காதுன்னு தெரியல, அதான் மொத்தமாப் போட்டேன்.

இப்பக் கேளுங்க. ரெண்டாவது தடவ ஃபோன் போட்டேன். மெஷின் குரல் வந்துச்சு. பேச மாட்டேன்னு வாய மூடிக்கிட்டேன். அது கேக்குது, கேக்குது, நான் உம்முனு இருக்கேன். கடைசியா அதுவே சலிச்சுப் போயி ஒரு மனுசிகிட்டக் குடுத்துச்சு. நல்ல பொண்ணுதான், எந்த ஊருக் குரலோ, மூக்குல பேசுது. "மேடம், உங்க கணக்குல மூணு கம்ப்யூட்டர் பேரு இருக்கு"ன்னு சொல்லி, டோகுன்... அந்த மூணு பேரையும் வரிசையாச் சொல்லுறா. ஃபோன் ஸ்பீக்கர்ல இருக்கு தம்பி. பெட்டிக்கு நேரா. பாஞ்சு போயி அமுக்கினேன். மொழங்காலு மேசையில மோதிச்சு, இன்னும் வலிக்குது.

"இதுல எது உங்களுது?"ன்னா. மூணும் ஒண்ணுதாம்மான்னேன். "அப்ப இன்னிக்கு லைசென்ஸ் கேக்குற இந்த கோகுமோ யாரு? எங்க லிஸ்ட்ல இல்லையே"ன்னா. அதுவும் அதேதான்னேன். "அதேன்னா ஏன் மேடம் இத்தன பேரு?" செத்துச்சு, அதான்னேன். "பேர மாத்தினா எங்களுக்கு எப்டி அடையாளம் தெரியும்?"னு கேக்குறா. அடையாளம் தெரியக் கூடாதுன்னுதானேம்மா மாத்தினதுன்னேன். பக்கத்துல யாரையோ கூப்பிட்டுச் சொன்னா போல, அங்க சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு.

அவ கடைசியாச் சொன்னது ஒண்ணுதான். திரையில அந்த லிஸ்ட்டு வரும். அதுல கடைசிப் பழைய பேர மவுஸால தொட்டு, 'இப்ப நான் வெச்சிருக்கறது இதுதான்'னு ஒத்துக்கணும். லைசென்ஸ் வந்துரும். அவ்வளவுதான். லிஸ்ட்டு வந்து காலையிலேருந்து அப்டியே நிக்குது பாருங்க. நான் தொடல. எப்டித் தொடுவேன்? பழைய பேரத் தொட்டுக் கூப்பிட்டா, அந்தப் பக்கத்துக் கூட்டாளிக்குத் தெரிஞ்சுராது? "ஓ, இங்கதான் ஒளிஞ்சிருக்கியா"ன்னு வந்துர மாட்டான்? தொட்டா செத்துரும், தொடலன்னா லைசென்ஸ் இல்ல. இருதலைக் கொள்ளி எறும்பாட்டம் உக்காந்திருக்கேன், ஐயா வர்ற நேரமாச்சு.

ஆனா உங்களப் பாத்ததும் எனக்கு ஒண்ணு தோணுச்சு. நீங்க வெளியூரு. உங்களுக்கு இது யாருன்னே தெரியாது, இதுக்கு உங்களத் தெரியாது. நீங்க தொட்டா அது கூப்பிட்டதாகாது. அந்நியன் சும்மா ஒரு சுவிச்ச அமுக்கின மாதிரி. ஒரே ஒரு விரலுதான் தம்பி. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். ...ஏன் எந்திரிக்கிறீங்க? பென் டிரைவ் எங்கிட்டல்ல இருக்கு. உக்காருங்க. ஒரு பொம்பள புள்ளையாட்டம் வளத்தத உங்க கையில ஒப்படைக்கிறேன், ஒரு விரலு குடுக்க மாட்டீங்களா? ...ஆங், அதான். மூணாவது பேரு. வாய் விட்டுப் படிக்காதீங்க. தொடுங்க. 'ஆமா'ன்னு வருதா? அதையும் தொடுங்க.

போச்சா? வரி போச்சா? தள்ளுங்க, நான் பாக்குறேன்... போச்சு தம்பி. மூல சுத்தமா இருக்கு. எங்க அம்மா கண்ணு தொறந்து பாத்திருந்தா... நீங்க நல்லா இருக்கணும். உங்களுக்கு ரெண்டு பக்கமும் சும்மா அடிச்சுத் தர்றேன். அகின்போதே வரட்டும் இப்ப, பல்லுக் குச்சியோட வரட்டும்.

இருங்க, அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேல. இந்த மேசை ட்ராயர்ல... இது என்னன்னு பாருங்க. இரும்புத் தண்ட. சின்ன மணி கோத்தது. கொழந்தையில என் கால்ல கெடந்தது. அந்தச் சத்தத்துக்குக் கூட்டாளிங்க கிட்ட வர மாட்டாங்க. மொத சாவுக்கு அப்புறம் இத எடுத்து கோகுமோவுக்கு உள்ள, போர்டுக்கு மேல, நூல்ல கட்டித் தொங்கவிட்டேன். சைடு தகடு எப்பவும் கழட்டிதான் கெடக்கும், சூடு தாங்காதுல்ல. உள்ள ஃபேன் காத்துல லேசா ஆடும், கிணி கிணின்னு கேக்கும், மனசுக்கு அவ்வளவு எதமா இருக்கும்.

டீக்கனுக்குத் தெரியாது. அவரு சர்ச்சு ஆளு, பாத்தா ஜெபம் பண்ணியே கொன்னுருவாரு. அதனால ரிப்பேருக்கு அனுப்பறப்பக் கழட்டிருவேன், திரும்பி வந்ததும் மாட்டிருவேன். அவரும் ஒவ்வொரு தடவையும் கேக்குறாரு, "மேடம், உள்ள ஏதாவது இரும்பு கிரும்பு விழுந்துச்சா?"ன்னு. விழலியேன்னு சொல்வேன். பொய் இல்ல தம்பி, விழ விடுவேனா, முடிச்சு போட்டுல்ல கட்டுறேன். இது மாட்டின அப்புறம் ரெண்டே தடவதான் செத்திருக்கு. மாட்டாம விட்டிருந்தா எத்தன தடவ செத்திருக்குமோ, யாருக்குத் தெரியும்?

...என்ன? ஓடிக்கிட்டு இருக்கறப்ப மாட்டக் கூடாதா? ஏன்? இரும்புக்குக் கரண்டு பிடிக்காதா? தம்பி, உள்ள இருக்கறதே கம்பியும் ஆணியும்தான். நீங்க வெளியூரு, உங்களுக்கு இதெல்லாம் தெரியாது. கையப் பிடிக்காதீங்க. நான் இத அம்பத்தேழு வருசமா... விடுங்க, கூச்சமா இருக்கு... அந்த நூல மட்டும் இந்தக் கொக்கியில...

...

என்ன சத்தம் அது? கரண்டு போச்சா? மேல ஃபேன் சுத்துதே. ...என்னமோ கருகுற வாசன. முடி வெட்டுற கடையிலேருந்தா? ...கோகுமோ? கோகுமோ...

பாத்தீங்களா தம்பி. நான் தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். பழைய பேரத் தொட்டா போயிரும், தொட்டா போயிரும்னு. தொட்டது யாரு? நீங்கதானே? உங்க விரலுதானே? நல்லா ஓடிக்கிட்டு இருந்துச்சு, கடைக்குள்ள வந்து ஒரு அமுக்கு அமுக்கினீங்க, முடிஞ்சுது. ...எங்க போறீங்க? பென் டிரைவ் வேணாமா? டேய் தம்பி, நில்லுடா.

...ஐயா. வாங்க வாங்க, உள்ள வாங்க. பரீட்சை போர்டு ஐயாதானே? அந்தா ஓடுறான் பாருங்க ஒருத்தன், நீலச் சட்ட, அவனக் கொஞ்சம் மறிச்சிருக்கலாம்ல நீங்க. சரி, விடுங்க, போகட்டும். எனுகுக்காரன், அவனுக்கு என்ன தெரியும்... என்னங்கய்யா? லைசென்ஸா? இருக்குங்கய்யா. அசல் லைசென்ஸ். இப்பத்தான், இந்த நிமிசம்தான் வந்துச்சு. கம்ப்யூட்டர்தான் இல்ல.