பத்திரமாக வைத்த மருந்து

— ஃப்ரிட்ஜ் காலியா இருந்தா நான் என்ன பண்றது, நர்சம்மா? நான் ஸ்டோருக்குக் காவல். மருந்து கறந்து குடுக்க இது என்ன மாட்டுக் கொட்டாயா?

— பேசிக்கிட்டிருக்க நேரமில்ல, தாத்தா. மாடியில பிரசவமான பொண்ணுக்கு ரத்தம் நிக்கல. வார்டுல இருந்த ஊசி மருந்தெல்லாம் தீந்துபோச்சு. டாக்டரம்மா வயித்தை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க.

— மருந்து வண்டி?

— வழியில நிக்குதாம். சாயங்காலம் ஆகுமாம்.

— அவனுங்க என்னைக்குச் சொன்ன நேரத்துக்கு வந்தானுங்க. அது சரி, கையில என்ன பெட்டி?

— ஐஸ். மாடி ஏறுற வரைக்கும் அந்த மருந்து சில்லுன்னே இருக்கணும்.

— நாலு படி ஏற ஐஸா? உங்க சொகுசே தனி. இங்க தகரக் கூரைக்குக் கீழ நான் வெந்து சாகுறேன், கேக்க ஒரு நாதியில்ல.

— போன தடவை வண்டி வந்தப்ப ஒரு பெட்டி முழுசா இருந்துச்சே. நானே பார்த்தேன்.

— எல்லாரும்தான் பார்த்தாங்க. அது ஃப்ரிட்ஜா, சந்தையா? ஒருத்தன் தண்ணி பாட்டில் வைக்கிறான், ஒருத்தி சாப்பாட்டு டப்பா வைக்கிறா. போறப்ப மருந்தையும் அள்ளிக்கிட்டுப் போறாங்க. கடைசியில திருடன் யாரு? சாவி வெச்சிருக்கிற கிழவன்.

— உங்களை யாரும் சொல்லல, தாத்தா.

— பெரிய டாக்டர் என் பையை உதறிக் காட்டச் சொன்னாரு. எல்லார் முன்னாடியும். நீயும்தான் நின்னே.

— நின்னேன். வாயத் திறக்கல, தப்புதான். அதுக்கு அந்தப் பொண்ணு என்ன பண்ணுவா? அவ புருஷன் குழந்தையை வெச்சுக்கிட்டுப் படியில உட்கார்ந்திருக்கான். என்னைப் பார்த்ததும் எந்திரிச்சான். முகத்தைத் திருப்பிக்கிட்டு ஓடி வந்துட்டேன்.

— என்ன குழந்தை?

— பொண்ணு.

— சரி, தள்ளு. அந்த மூலை பீரோவைத் திறக்கணும். ஃப்ரிட்ஜுல கிடந்த பெட்டியைப் போன வாரமே எடுத்து உள்ள வெச்சுப் பூட்டிட்டேன். சாவி என் இடுப்புல. ஒரு பய தொடல.

— நிஜமாவா, தாத்தா? மருந்து இருக்கா?

— இந்தா. எண்ணிப் பாரு, ஒண்ணு குறையாது. நான் வெச்சிருந்ததாலதான் மிஞ்சிச்சுன்னு உங்க பெரிய டாக்டர்கிட்ட மறக்காம சொல்லு. என்னம்மா, பெட்டியையே தடவிப் பாக்கிறே?

— பெட்டி... சுடுது, தாத்தா.

— இரும்பு பீரோ, மேல தகரம். சுடாம? அது என்ன பாலா, திரிஞ்சு போறதுக்கு? எடுத்துக்கிட்டு ஓடு. ஓடும்மா. இப்ப ஏன் நிக்கிறே?