இலையின் அடிப்பக்கம்

செடிகளுக்குப் பெயர் எழுதுவது என் வேலை. காய்ந்த கிளையை அட்டையில் ஒட்டி, கீழே சீட்டெழுதி, பீரோவில் அடுக்குவேன். யாரையும் கடிந்து பேசியதில்லை. சின்ன அன்பைக்கூட ஆண்டவன் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நம்புகிறவன்.

அக்காவின் கணவர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், ஒருநாள் தொட்டியும் கையுமாக அலுவலகத்துக்கு வந்தார். கிள்ளினால் பால் வடியும் செடி. எருக்குக்குத் தூரத்துச் சொந்தம். இந்த மண்ணுக்கே உரிய அந்த அபூர்வச் செடி இதுதானா என்று கேட்டார். பூ இல்லை. எனக்குச் சாப்பாட்டு நேரம். ஆமாம் என்றேன்.

மச்சான் அதை வாசலில் நட்டு, பக்கத்திலேயே பெயர்ப்பலகையும் வைத்தார்.

"இத்தனை வருஷத்துல என் பேரை எங்கேயாவது இவ்வளவு பெருசா எழுதியிருக்காரா, கேளு," என்றாள் அக்கா.

அடுத்த மாதம் பூத்தது. சிவப்பும் மஞ்சளும். சந்தேகப்பட்டு இலையைத் திருப்பினேன், வழவழவென்றிருந்தது. நம் நாட்டுச் செடிக்கு அடிப்பக்கத்தில் வெள்ளையாகப் பூனைமுடி இருக்கும். இது நர்சரியில் விற்கிற வெளிநாட்டுச் செடி. சொல்லத்தான் வாயெடுத்தேன். வேலையை விட்ட பிறகு மச்சான் முகத்தில் அப்படியொரு களையை நான் பார்த்ததில்லை. மூடிக்கொண்டேன். என்னால் முடிந்த சின்ன அன்பு.

அவர் நாற்று வளர்த்துத் தெருவெல்லாம் கொடுத்தார். பிறகு என்னை ஊருக்கு வெளியே ஒரு பாறைச் சரிவுக்குக் கூட்டிப்போனார். அங்கே ஏறக்குறைய அதே இலையோடு, வெளிறிய பூவோடு பதினோரு செடிகள் நின்றன. இலைகளில் வரிவரியாகப் புழுக்கள், பட்டாம்பூச்சி ஆகக் காத்திருந்தன. இவை போலிகள், நல்ல செடியின் இடத்தைப் பிடித்திருக்கின்றன, பிடுங்கிவிட்டு நாற்று வைக்கலாம் என்றார் மச்சான். நான் ஓர் இலையைத் திருப்பினேன். பூனைமுடி விரலில் ஒட்டியது. எங்கள் பதிவேட்டின்படி அந்தச் செடி இந்தச் சரிவைத் தவிர வேறெங்குமே கிடையாது.

என் முகத்தில் எதையோ கண்டு அவர் மண்வெட்டியை ஊன்றி நின்றார்.

"நான் வெச்சிருக்கறது தப்புன்னா இப்பவே சொல்லிடு மாப்ளே. வாசல்ல இருக்கறதைப் பிடுங்கிப் போட்டுட்டுப் போறேன். டிரைவருக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் சரிவில் இருந்தவற்றைப் பிடுங்கச் சொன்னேன். பதினொன்றும் உள்ளே போகும்வரை சாக்கின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டேன். அவர் மனம் நோகக்கூடாது, அவ்வளவுதான்.