மிஷின் நின்ற இடம்

மேடையில் இருக்கும் பெரியவர்களே, கட்சித் தலைவர் அவர்களே, புதிதாக நிதிப் பொறுப்புக்கு வந்திருக்கும் தம்பி அவர்களே! சபையில் என் வீட்டுக்காரரோடு வருஷக்கணக்கில் மல்லுக்கு நின்று, இன்று கண் கலங்கி உட்கார்ந்திருக்கும் எதிர்க்கட்சி ஐயாமார்களே! இடம் கிடைக்காமல் வாசலில் நிற்கிறவர்களே, கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் எங்கள் தையல்காரப் பெண்களே! எல்லாருக்கும் வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. ஐந்தாவதோடு படிப்பை விட்டுவிட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்தவள் நான். சற்று முன் தலைவர் அவர்கள் ஓர் அறிவிப்பு வாசித்தார்கள். என் வீட்டுக்காரருக்கு அரசாங்கச் செலவில் நினைவு மண்டபம், அதில் வெண்கலச் சிலை. எல்லாரும் கை தட்டினீர்கள். "அம்மா அதை ஏற்றுக்கொண்டு ரெண்டு வார்த்தை பேசுவாங்க" என்று சொல்லி மைக்கை என் கையில் கொடுத்தார்கள். அந்த ரெண்டு வார்த்தைக்கு வருகிறேன். கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே பேசியவர்கள் அவரை நிதிச் சிங்கம் என்றார்கள், மேதை என்றார்கள். உயிரோடு இருந்தபோது அவருக்கு வைத்த பேர் என்ன? கத்திரிக்கோல்! எதைக் கேட்டாலும் வெட்டுகிறார் என்று வைத்த பேர். அவருக்கு அதில் கோபமே கிடையாது. "கத்திரி என் பெண்டாட்டியோடதுங்க, நான் சும்மா இரவல் வாங்கிட்டு வர்றேன்" என்பார்.

அது வெறும் விளையாட்டுப் பேச்சு இல்லை. ஒவ்வொரு பட்ஜெட்டுக்கும் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட கையோடு என் மிஷின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்காருவார். எழுதி வைத்திருக்கும் உரையை எனக்கு வாசிப்பார். நான் பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருப்பேன். ரகசியம் இருக்கிற இடத்தில் மட்டும் வாய்க்குள்ளே முனகுவார். "ம்ம்ம் மீதான வரி ம்ம்ம் சதவீதமாக உயர்த்தப்படுகிறது" என்பார். கட்டின பெண்டாட்டியிடம்கூட அந்த ம்ம்ம் என்னவென்று சொன்னதில்லை!

கேட்டது புரிந்தால் என் கால் ஓடிக்கொண்டே இருக்கும். புரியவில்லை என்றால் தானாக நின்றுவிடும். மிஷின் நின்றதும் பேனாவை எடுத்து அந்த இடத்தை அடித்துவிடுவார். "ஏங்க, எனக்குப் புரியாததுக்கு எழுதினவங்க என்ன பண்ணுவாங்க?" என்று ஒரு தடவை கேட்டேன். "உனக்குப் புரியக்கூடாதுன்னு எழுதினதாவும் இருக்கலாம்ல?" என்றார். அப்புறம் அவர் ஆபீஸில் இது வழக்கமாகவே ஆகிவிட்டது. பெரிய பெரிய அதிகாரிகள் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்வார்களாம், "சார், இது மிஷின்ல ஓடுமா?" என்று. அவர்களில் சிலர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். சிரிக்கிறார்கள் பாருங்கள்.

ஒரு வருஷம் அந்த ம்ம்ம் என் தலையிலேயே வந்து விழுந்தது. தையல் நூலுக்கு வரி! எல்லாரையும் போல நானும் டிவியில்தான் பார்த்தேன். மறுநாள் காலையில் எங்கள் வாசல் நிறையத் தையல்காரிகள். அதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறாளே, பட்டன் ஓட்டைக்குக் காஜா போடுகிற தங்கச்சி, அவள்தான் முன்னால் நின்றாள். "ஏன்க்கா, ஊருக்கெல்லாம் பட்டன் தைக்கிறே, உன் புருஷன் வாய்க்கு ஒண்ணு தைச்சு விடக்கூடாதா?" என்று கேட்டாள். அவர் பனியனோடு வெளியே வந்தார். எல்லாரையும் உட்காரச் சொன்னார். "என் வீட்டுத் தொழிலை மட்டும் விட்டுட்டா ஊரு என்னம்மா சொல்லும்?" என்றார். விட்டாளா? "எங்ககிட்ட வாங்குறீங்க சரி. பெரிய மில்லுக்காரனுக்கு மட்டும் ஏன்ணே தள்ளுபடி? அவன் உங்க மாமனாரா?" என்றாள்.

அவர் உள்ளே வந்து அந்தக் கேள்வியைப் பேனாவால் எழுதி வைத்துக்கொண்டார். அடுத்த பட்ஜெட்டில் மில்லுக்காரர்களின் சலுகை போயிற்று, நூல் மேலிருந்த வரியும் போயிற்று. அவர் யாருக்குப் பயந்தார் என்று கேட்பார்கள். காஜாக்காரிக்குப் பயந்தார்! அதில் என்ன குறைச்சல்?

எதைக் கேட்டாலும் அவர் திருப்பிக் கேட்டது ஒரே கேள்விதான். "யார் வீட்டுக் காசு?" பாலம் கேட்டாலும் அதுதான், விழா கேட்டாலும் அதுதான். கடன் வாங்கிச் செய்யலாம் என்று யாராவது சொன்னால், "அதைத் திருப்பிக் கட்டப்போற பிள்ளை இன்னும் பிறக்கவே இல்லையே, அதுகிட்ட யார் கேட்டது?" என்பார்.

அப்படிப்பட்டவரும் ஒரு தடவை சறுக்கினார். இதை நான் இங்கே மறைத்தால் அவருக்கே பிடிக்காது.

தேர்தல் வந்தது. பெட்ரோல், டீசல் மேல் இருந்த வரியைப் பாதிக்குப் பாதி குறைத்து அறிவித்தார். ஊரே கொண்டாடியது. நம் கட்சி ஜெயித்தது. அந்த அறிவிப்பை மட்டும் அவர் எனக்கு வாசிக்கவே இல்லை. ஸ்டூல் பக்கமே வரவில்லை. ஜெயித்த கொஞ்ச நாளில் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் காசு இல்லை என்று கை விரித்தார்கள். மருந்தை வெளியில் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள், கிட்னிக்கு ரத்தம் சுத்தம் செய்வதைக் குறைத்தார்கள். அதே தங்கச்சி மறுபடியும் எங்கள் வாசலுக்கு வந்தாள். அவள் புருஷனுக்குக் கிட்னி கெட்டுப்போயிருந்தது. இந்தத் தடவை அவள் சத்தம் போடவில்லை. "அண்ணே, வாரத்துக்கு ஒரு தடவைதான் மிஷின் போடுவாங்களாம்" என்றாள், அவ்வளவுதான். அந்த மனுஷன் பிழைக்கவில்லை.

அவர் சபையில் எழுந்து நின்று, "வரியைக் குறைத்தால் எங்கே கை வைக்க வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன். தப்பு என்னுடையது" என்று சொன்னார். பதவி போயிற்று. பதவி போனதற்கு அவர் அழவில்லை. அன்று வீட்டுக்கு வந்து அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபோதுதான் அழுதார். "ஏங்க எனக்கு வாசிக்கலை?" என்று கேட்டேன். "வாசிச்சா நீ நிறுத்திடுவேன்னு தெரியும்மா" என்றார்.

பெரியவர்களே! இன்றைக்கும் எனக்கு யாரும் முன்கூட்டி வாசித்துக் காட்டவில்லை.

எனக்கு ஆசை இல்லையா? சிலை வந்தால் தினமும் போய் அந்த முகத்தைப் பார்க்கலாமே! வீட்டில் அவர் சட்டை கொக்கியில் தொங்குகிறது, அதில் ஒரு கை பிரிந்திருக்கிறது, தைக்க எனக்கு மனசு வரவில்லை. அப்படி இருக்கிறவளுக்கு வெண்கலத்தில் அவர் முகம் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்ல வாய் வருமா? ஆனால் தலைவர் அறிவிப்பை வாசித்தபோது நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மிதிக்க மிஷின் இல்லை. இருந்தும் என் கால் நின்றுவிட்டது.

யார் வீட்டுக் காசு?

அதனால் நான் ஏற்றுக்கொள்ளவில்லை, தலைவர் அவர்களே. அடித்துவிடுங்கள். மண்டபத்துக்கு ஒதுக்குவதாக இருந்ததை வேறு எதற்குத் தரலாம் என்று நான் சொல்ல மாட்டேன், அந்த அதிகாரம் எனக்கு இல்லை. மூன்றாவது வரிசையில் இருக்கிறவளைக் கேளுங்கள், அவளுக்குத் தெரியும்.

அவர் வேலையைத் தொடர்ந்து செய்வோம் என்று எல்லாரும் உறுதி சொன்னீர்கள். நானும் சொல்கிறேன். புது நிதியமைச்சர் தம்பி, உங்கள் பட்ஜெட் வரப்போகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள். ரகசியம் எல்லாம் சொல்ல வேண்டாம், அந்த இடத்தில் முனகிவிட்டுப் போங்கள், எனக்குப் பழக்கம்தான். ஸ்டூல் அங்கேயேதான் கிடக்கிறது.

அவர் போனதிலிருந்து நான் மிஷினைத் தொடவில்லை. உங்களுக்காக எண்ணெய் போட்டு வைக்கிறேன்.