பற்றவும் விடவும் கற்பித்த பேராசிரியருக்கு

மேகம் மேயும் மேற்குமலையும் ஏலம் மணக்கும் எங்கள் போடிநாயக்கனூரும் ஈன்றெடுத்த இரசாயனச் செம்மலே! கரும்பலகையில் கோடு கிழித்தால் கோபால்ட்டையும் கும்பிட வைக்கும் கோமானே! பிப்பெட்டைப் பிடித்த கையாலேயே பெருந்தோட்டத்தையும் பிடித்த பெருந்தகையே! வேதியியல் துறைத் தலைவராக இந்நாள்வரை வீற்றிருந்து, இன்று மாலை ரோசாப்பூ மாலையோடு விடைபெறும் பேராசிரியர் சோலைமலை அவர்களே! வணக்கம்.

பாராட்டு மடலில் பொய் இருக்கலாம், குறை இருக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். தாங்களோ ஆய்வகக் குறிப்பில் ஒரு சொட்டைக்கூடக் கூட்டிக் குறைத்து எழுதக் கூடாது என்று எங்களைக் குட்டிக் குட்டி வளர்த்தவர். ஆகவே ஊர் வழக்கத்தைச் சற்றே தள்ளிவைத்து, தாங்கள் கற்பித்த வழக்கப்படியே இம்மடலை எழுதியிருக்கிறோம். பொறுத்தருள்க!

பாடமென்றால் தங்கள் பாடமன்றோ பாடம்! லிகண்ட் என்ற சொல்லுக்கு நடுங்கி நின்ற பட்டிக்காட்டுப் பிள்ளைகளிடம், “உலோகத்துக்குத் தன் எலக்ட்ரான் இணையை ஈயுது, அதனால ஈனி. ஒண்ணும் ஈயாதவன் பக்கத்துல உலோகம்கூட ஒக்காராது, மாப்ளே!” என்று சொல்லிக் கடைசிப் பெஞ்சையும் சிரிக்க வைத்தவர் தாங்கள். மயில்துத்தக் கரைசலில் அம்மோனியாவை விட்டு, வெளிறிய நீலம் மயில்கழுத்து நீலமாக மாறுவதைக் காட்டுவீர்கள். உடம்பில் ஏறிய ஈயத்தை நண்டு இடுக்கியால் கவ்வுவதுபோல் கவ்வி வெளியே இழுத்துவரும் மருந்தும் ஓர் ஈனிதான் என்பீர்கள். ஏலக்காயின் பச்சையம்கூட, நடுவே ஒரு மெக்னீசியத்தை வளையம் கட்டிப் பிடித்திருக்கும் கூட்டுதான். சூடு மிஞ்சினால் மெக்னீசியம் கழன்று, பச்சை பழுத்து, விலையும் படுத்துவிடும் என்பீர்கள். அந்த இடத்தில் மட்டும் தங்கள் குரலில் பாசம் பொங்கும்.

எல்லாவற்றுக்கும் மகுடம், தாங்கள் ஆண்டுதோறும் நடத்திய ரத்தப் பாடம். ரத்தத்தில் இருக்கும் இரும்பை ஆக்சிஜன் நுரையீரலில் பற்றுகிறது, தசைக்குப் போனதும் விட்டுவிடுகிறது. “பிடிக்கிறது பெரிசில்லடா, விடத் தெரியணும். விடுறதுதான் உசுரு” என்று மேசையைத் தட்டுவீர்கள். கார்பன் மோனாக்சைடு அப்படியல்ல. இருநூறு மடங்கு இறுக்கிப் பிடித்து, ஆக்சிஜனை அண்டவிடாமல் அமர்ந்துகொள்ளும். நிறமில்லை, மணமில்லை, இருமலில்லை. “செத்தவன் மொகம் மட்டும் செக்கச்செவேல்னு கல்யாண மாப்பிள்ளை கணக்கா இருக்கும். அத வச்சுத்தான் கண்டுபிடிக்கணும்” என்பீர்கள். இதைத் தங்களிடம் படிக்காத பட்டதாரி இவ்வட்டாரத்தில் இல்லை.

கல்வியோடு கழனியும் கண்ட காவலரே! மலைமேல் தங்கள் ஏலத்தோட்டத்து ஸ்டோரை மறந்தால் இம்மடல் முழுமை பெறுமோ? வெளியே அடுப்பு, அடுப்பின் சூட்டைத் தகரக்குழாய் உள்ளே கொண்டுபோகும், அந்தச் சூட்டில் காய் உலரும், குழாய் அடுத்திருக்கும் சாக்கு அறை வழியாகப் போய்க் கூரைக்குமேல் புகையைத் துப்பும். அதுவே ஸ்டோர். புகைபோக்கி வாய்வழியே சூடு வீணாகிறதென்று கண்டு, அதன்மேல் ஒரு தகரத்தைக் கவிழ்க்கச் சொன்ன சிக்கனச் சிகரம் தாங்கள். “வெறகு என்ன ஒங்கப்பன் வீட்டுக் காட்டுலயா வெளையுது?” என்று தாங்கள் கேட்டதாகவும், அடுப்புக்குத் தீப்போடும் மொக்கையன் உடனே ஏறிக் கவிழ்த்ததாகவும் தோட்டத்தில் சொன்னார்கள். சாக்கு அறைக்குள் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்தபோதும், மண்ணைக் குழைத்து அப்பினால் போதும் என்று அருளியவரும் தாங்களே. காய்ந்த மண் வெடிக்கும் என்பதை அறிய வேதியியல் தேவையில்லை.

சென்ற கார்த்திகையில் ஓயாத சாரல். அடுப்பில் விறகு எரிந்து முடிந்து கங்கு மட்டும் கனிந்துகொண்டிருந்தது. அதனால் புகையில்லை. குளிருக்கு அஞ்சிய மொக்கையன் சாக்கு அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தார். விடிந்ததும் கஞ்சி கொண்டுபோன அவர் மனைவி இருளம்மாள் எழுப்பினார். மொக்கையன் எழவில்லை.

ஜீப்பில் விரைந்தீர்கள். முகத்தைக் குனிந்து பார்த்தீர்கள்; நிறைய நேரம் பார்த்தீர்கள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பிறகு நிமிர்ந்து தாங்கள் வழங்கிய தீர்ப்பு: “முனி அடிச்சிருச்சு.”

ஆகா! பேயென்றும் பிசாசென்றும் சொன்ன மாணவனைப் பெஞ்சுமேல் ஏற்றிய பகுத்தறிவுப் பகலவனே! அறிவியலுக்கு எட்டாத முனி ஒன்றைத் தங்கள் நிலத்தில் தாங்களே கண்டுபிடித்து, மருத்துவர் மலையேறுமுன் சிதையும் மூட்டி, அந்த முனிக்குக் கிடாயும் வெட்டினீர்கள். பந்தியில் நாங்களும் அமர்ந்தோம். கறி நன்றாகவே இருந்தது. இவ்வாண்டு மட்டும் ரத்தப் பாடத்தைத் “தேர்வுக்கு வராது” என்று சொல்லித் தாண்டினீர்கள். வந்தது.

தங்கள் கருணையையும் சொல்லாமல் விடலாமா? கணவனை இழந்த இருளம்மாளைக் கைவிடாமல், கணவர் செய்த வேலையையே அவருக்குக் கொடுத்தீர்கள். அதே அடுப்பு, அதே குழாய், அதே சாக்கு அறை. சித்திரையில் தோட்டம் காண எங்களை அழைத்துப்போன அன்று, தாங்கள் சற்று அப்பால் சென்றபோது, அவர் எங்களிடம் வந்து கேட்டதை அப்படியே பதிகிறோம்:

“ஏஞ்சாமி, முனி அடிச்சா வாயில ரத்தம் வரும்பாக. எங்க வீட்டுக்காரரு செவந்துபோயி, கல்யாணத்தன்னைக்கு இருந்த மாதிரியில்ல கெடந்தாரு? ஒங்க படிப்புல இதுக்கு ஒரு பேரு இருக்குமா? ஆவணியில காய் எடுத்தா நான்தான அங்கன படுக்கணும்? தகரத்த எடுக்கவான்னு கேட்டா, ‘ஒஞ் சோலியப் பாரு’ன்றாரு அய்யா.”

பேர் இருந்தது. தாங்கள் துறைத் தலைவராக இருக்கும்போது துணைப்பேராசிரியர்கள் அதைச் சொல்வது மரபன்று என்பதால், ஏலச்செடியின் அழகைப் புகழ்ந்துகொண்டே நாங்கள் ஜீப்பில் ஏறினோம்.

இன்று மாலை ஐந்து மணியிலிருந்து தாங்கள் துறைத் தலைவர் இல்லை. இப்போது மணி ஐந்தரை.

எனவே, முன்வரிசையில் பிரின்சிபாலுக்குப் பக்கத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருக்கும் இருளம்மாளுக்கு, இம்மடலின் வழியாகவே மறுமொழி கூறுகிறோம். ஆத்தா, அது முனி இல்லை. அதன் பேர் கார்பன் மோனாக்சைடு. அய்யாதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

வள்ளலே! விடைபெறுவோருக்கு மோதிரம் அணிவிப்பது இக்கல்லூரி வழக்கம். தங்கள் விரல்களில் இடம் குறைவாக இருப்பதால், போடிக் கடைத்தெருவில் புதுத் தகரத்தில் குழாய் அடிக்கச் சொல்லி, வாசலில் நிற்கும் ஜீப்பில் ஏற்றி வைத்திருக்கிறோம். மாட்டுகிற ஆளும் ஜீப்பிலேயே இருக்கிறார். இருளம்மாள் அதிலேயே மலையேறுகிறார். புகைபோக்கித் தகரத்தைக் கழற்றச் சொல்வதும், இனி எவரும் அந்தச் சாக்கு அறையில் படுக்க வேண்டாம் என்று சொல்வதும் உரிமையாளரான தங்கள் வாயால்தான் வரவேண்டும். ஏற்புரையில் அவ்விரண்டு வாக்கியம் போதும். மூன்றாவதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. பற்றியதை விடுவதுதான் உயிர் என்று மேசையைத் தட்டிய கை, இன்றும் ஒருமுறை தட்டட்டும்.

பல்லாண்டு வாழ்க! நோயின்றி, நொடியின்றி, மூச்சு முட்டாது வாழ்க! தங்கள் அடுப்புக்குத் தீப்போடுகிறவரும் அவ்வண்ணமே வாழ்க!

ஏற்புரை முடியும்வரை ஜீப் புறப்படாது என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்ளும்,
தங்களிடம் படித்து, தங்கள்கீழ் பணியாற்றிய
வேதியியல் துறையினர்.

போடிநாயக்கனூர்,
மே 1986