மூச்சை மறக்கும் பிள்ளைகள்

குறைமாதக் குழந்தைகளை எனக்கு எப்போதுமே பிடிக்கும், சார். உள்ளங்கையளவுதான் இருப்பார்கள், அடம் கிடையாது. ஒரே குறை, மூச்சு விடுவதை மறந்துவிடுவார்கள். மூக்கில் செருகிய குழாய் வழியாக மெஷின் காற்றை அழுத்திக்கொண்டே இருக்கும். அப்படியும் மறந்தால் அலாரம் அடிக்கும். பாதத்தில் ஒரு சுண்டு சுண்டினால் போதும், ஞாபகம் வந்துவிடும். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் அந்தக் குழந்தைகள் வார்டு நர்ஸாக எனக்கு அதுதான் வேலை.

சின்னசேலம் ருக்சாரின் குழந்தை ஒருமுறை நீலம் பாரித்துப்போனது. நான்தான் மீட்டேன். அவள் என் இரண்டு கைகளையும் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்கதாங்க்கா இதுக்குப் பெத்தவ" என்றாள். வார்டே என்னைப் பார்த்தது.

அதன்பின் குழந்தைகளெல்லாம் ஒழுங்காக மூச்சு விட்டன. யாரும் என்னைப் பார்க்கவில்லை. குணமாகிப் போகிறவர்கள் டாக்டரைத்தான் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அதனால் அவ்வப்போது ஒரு குழாயைக் கொஞ்சம் நகர்த்தி வைப்பேன். அலாரம் அடிக்கும். ஓடுவேன், சுண்டுவேன், மூச்சு திரும்பும். பெற்றவள் அழுதபடி என் கையைப் பிடிப்பாள். யாருக்கும் நஷ்டமில்லை.

கல்வராயன் மலையிலிருந்து அலமேலு வந்தாள். குழந்தையை மார்போடு ஒட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருப்பாள். அவள் கண்ணயர்ந்த நேரம் பார்த்துக் குழாயை நகர்த்தினேன். அலாரம் அடித்தது, மீட்டேன். கும்பிடுவாள் என்று நின்றேன்.

"கொழாய நீங்களே இன்னாத்துக்குங்க புடுங்குனீங்க?" என்றாள்.

"நழுவிக் கெடந்துச்சு. சரி பண்ணேன்."

"இல்லீங்க. நான் பாத்துக்கினுதான் இருந்தேன்."

டாக்டரிடமும் சொன்னாள். அவர் சிரித்தார். "சிஸ்டர் இல்லன்னா உன் புள்ள ஏதும்மா?" என்றார். அவள் புருஷன் வேடியப்பன் என்னிடம் வந்து, "அதுக்கு ஒண்ணும் தெரியாதுங்க, மனசுல வெச்சுக்காதீங்க" என்று கைகூப்பினான். வைத்துக்கொள்ளமாட்டேன் என்றேன்.

ஆனால் அன்றிலிருந்து நான் எந்தத் தொட்டிலுக்குப் போனாலும் அவள் பார்வை என் விரல்கள் மேலேயே இருந்தது. படிக்காதவள், சார். பஸ் ஏறத் தெரியாதவள். என்னைக் காவல் காத்தாள்.

நேற்று மதியம் குழந்தையைத் தொட்டிலில் கிடத்திவிட்டு, மற்ற தாய்மார்களோடு இலவசச் சாப்பாட்டு வரிசைக்குப் போனாள். நான் குழாயை எடுத்தேன். இந்தமுறை அலாரத்தையும் அமர்த்தினேன். அவள் வந்து நிற்க, அவள் கண்ணெதிரிலேயே பிள்ளையை மீட்டுக் கொடுக்க வேண்டும். அப்போதாவது நான் யார் என்று அவளுக்குப் புரிய வேண்டும். அவ்வளவுதான் என் எண்ணம்.

அவள் வரவில்லை. குழந்தையின் உதடு கறுத்தது. என் விரல் அதன் பாதத்தின் பக்கத்தில்தான் இருந்தது. சுண்டியிருக்கலாம். ஆனால் பார்க்க அங்கே யாருமில்லையே.

சோற்றுப் பாத்திரத்தோடு அவள் கதவில் தெரிந்தபோதுதான் சுண்டினேன். திரும்பத் திரும்பச் சுண்டினேன். குழந்தை சில்லிட்டிருந்தது. அவள் அழவில்லை. டாக்டரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, அலாரம் அடிக்காத மெஷினைக் காட்டினாள். இந்தமுறை அவர் சிரிக்கவில்லை.

ஆமாம், கொன்றது நான்தான். மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், சார். பிள்ளை மேல் பாசமுள்ள ஒருத்தி, ஒரு பிடி சோற்றுக்காக அவ்வளவு நேரமா நின்றுகொண்டிருப்பாள்? அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.